முற்றத்துப் பங்கு

கடிகாரக்காரருக்கு வாதம் அடித்ததில் வலது கை போயிற்று, வலது கால் போயிற்று. பிடிவாதம் மட்டும் போகவில்லை. போன கைகால்களின் பலமும் அதில் போய்ச் சேர்ந்துகொண்டது என்றுதான் அவர் மனைவிக்குத் தோன்றும். வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே அதைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மாவு பட்ட பாட்டைப் பார்த்தால் யார் மேல் கோபம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும். சூரியன் இறங்கிவிட்டால் யூதர்களான அவர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும். அப்புறம் அடுப்பு மூட்டக் கூடாது, ஊசி எடுக்கக் கூடாது, வீட்டுக்குள்ளிருந்து எதையும் வெளியே தூக்கிப் போகக் கூடாது, தள்ளிப் போகக் கூடாது. சாவிக்கொத்தும் கூடாது, கைக்குட்டையும் கூடாது. கடிகாரக்காரர் உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலியும் கூடாது.

சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு சந்தும் இருக்கும். அவர்கள் குடியிருந்தது நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்து ஒரு பெரிய கதவு போட்ட முற்றம். அதில் நான்கு வாசல்கள். ஒன்று கடிகாரக்காரர் வீடு. எதிரே மெத்தைக்காரர் வீடு, முன்னறைதான் பட்டறை. பக்கத்தில் இஸ்திரிக்காரம்மாவின் ஒற்றை அறை. கோடியில் யூதர்களின் சின்ன ஜெபக்கூடம். மற்ற இரண்டு குடும்பங்களும் முற்றத்தில் தங்களுக்குள்ள பங்கை யூதர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டால், முற்றம் மொத்தமும் ஒரே வீடு என்று கணக்கு. அப்புறம் நாற்காலியை ஜெபக்கூடம் வரை தாராளமாகத் தள்ளலாம்.

வாடகை என்றால் பெரிய வாடகை இல்லை, ஒரே ஒரு செப்புக்காசு. வருஷத்துக்கு ஒரு தடவை ஜெபக்கூடத்துக் குருவான ரப்பி அதை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போவார். இஸ்திரிக்காரம்மா காசை வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு முந்தானையில் முடிந்துகொள்வாள். மெத்தைக்காரர், "முற்றத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடிடாதீங்க ரப்பி" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். இந்த வருஷம் அவர் சிரிக்கவில்லை, கையையும் நீட்டவில்லை.

போன சனிக்கிழமை நாற்காலி வாசற்படியைத் தாண்டவில்லை. ஜெபக்கூடத்தில் ஒன்பது பேர் கூடி, பத்தாவது ஆளான கடிகாரக்காரருக்காகக் காத்திருந்து, பத்து பேர் சேர்ந்தால்தான் சொல்லலாம் என்ற ஜெபங்களை எல்லாம் விழுங்கிக்கொண்டு கலைந்து போனார்கள். இன்னொரு வாரம் இப்படி ஆனால் கூடத்தைப் பூட்டிவிட்டு ஊரின் மறுகோடியிலுள்ள பெரிய ஜெபாலயத்தோடு சேர்ந்துவிட வேண்டியதுதான் என்று ரப்பி சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் கடிகாரக்காரரால் போகவே முடியாது. பிறகு அவர் வாரம் ஏழு நாளும் வீட்டு ஜன்னலோரம்தான்.

அவர் மனைவிக்கு ஜெபக்கூடத்தைப் பற்றிய கவலை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. சனிக்கிழமை காலையில் அவர் வெளியே போகும் அந்த நேரம்தான் வாரத்தில் அவளுக்கு மூச்சு விடக் கிடைத்த நேரம். தலையணையை ஏற்றி வை, இறக்கி வை, ஜன்னலைத் திற, மூடு, உப்பு கம்மி, சுவரில் தொங்கும் கடிகாரங்களுக்குச் சாவி கொடு, இப்படிக் கொடுக்காதே, அப்படிக் கொடு என்று எதுவுமே காதில் விழாத நேரம். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷி என்ன ஆவாள்?

எல்லாம் ஒரு கடிகாரத்தால் வந்த வினை.

வாதம் அடித்துப் பல மாதம் கழித்து அவருடைய வலது கை லேசாக அசையத் தொடங்கியபோது, மெத்தைக்காரர் தன் வீட்டுப் பெண்டுலம் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் முன்னாடி போகுதுண்ணே, நீங்க கை வெச்சாத்தான் சரியாகும்" என்றார். கடிகாரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியும். மனுஷனுக்கு ஒரு தெம்பு வரட்டும் என்ற இரக்கத்தில்தான் கொண்டுவந்திருந்தார். கடிகாரக்காரர் இரண்டு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தார். அவள் விளக்குப் பிடித்தாள். பெண்டுலத்தின் அடியில் ஒரு சின்ன நட்டு இருக்கும். அதை ஏற்றினால் கடிகாரம் முந்தும், இறக்கினால் பிந்தும். உணர்ச்சி செத்த விரல்களால் அவர் அதை இறக்குவதாக நினைத்துக்கொண்டு ஏற்றினார். பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். "போதுங்க" என்றாள். "விளக்கை ஒழுங்காப் பிடி" என்றார்.

மாட்டிய அன்று மணி சரியாகத்தான் இருந்தது. கடிகாரம் நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமாக முந்தியது. நோன்பு மாதமும் வந்தது. பக்கத்து ஆலை ஓடுகிற நேரத்தில் பள்ளிவாசல் பாங்கு அந்த முற்றத்துக்குச் சரியாகக் கேட்காது. மெத்தைக்காரர் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறப்பது என்று வழக்கம். கடிகாரக்காரர் கைபட்ட கடிகாரம் ஆயிற்றே, அதைச் சந்தேகப்படுவார்களா? ஒரு நாள் ஆலை நின்றிருந்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீரும் குடித்த பிறகு பாங்கு கேட்டது. சூரியன் விழுவதற்கு முன்பே திறந்த நோன்பு நோன்பில் சேராது. அன்றைக்குத்தான் மெத்தைக்காரரின் மகள் முதன்முதலாக முழு நோன்பு பிடித்திருந்தாள்.

*

மதியம் கடிகாரக்காரர் சாப்பிட்டுக் குறட்டை விட ஆரம்பித்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டு எதிர்வாசலுக்குப் போனாள். தினமும் அப்படித்தான். இஸ்திரிக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "அப்படி என்னதான் பேசுவீங்களோ" என்று அலுத்துக்கொள்வார். உண்மையில் அவள் மெத்தைக்காரர் பட்டறையில் உறை தைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய கடிகாரக் கடையை மூடிய பிறகு வீடு ஓடுவது அதில்தான். தம்பி அனுப்பும் பணத்தில் ஓடுவதாக அவருக்குச் சொல்லியிருந்தாள். தம்பியாவது, அனுப்புவதாவது! மாலையில் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். அப்படியும் ஒன்றிரண்டு தங்கிவிடும். "உனக்கு ரொம்ப வேகமா நரைக்குது" என்பார் அவர்.

பட்டறையில் பஞ்சடிக்கும் வில்லை ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு மெத்தைக்காரர் பஞ்சை அணைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கோணி ஊசியில் நூலைக் கோத்தாள்.

"பாய், இன்னிக்குச் சாயந்தரம் ரப்பி மறுபடி வருவாரு."

"வரட்டும்க்கா. தண்ணி குடுப்பேன். காசு மட்டும் வாங்க மாட்டேன்."

"நான் கேட்டாக்கூடவா?"

"நீங்க கேக்கறதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு." அவர் பஞ்சை விட்டுவிட்டு உட்கார்ந்தார். "நான் என்ன கேட்டேன்? காசு கேட்டேனா? கடிகாரத்தைத் திரும்பச் சரி பண்ணிக் குடுன்னு கேட்டேனா? தப்பு என்னுதுதான்னு ஒரு வார்த்தை. அதுவும் எனக்கு இல்ல, என் பொண்ணு முன்னாடி. அன்னிக்கு மத்தியானம் தொண்டை காஞ்சு தரையில சுருண்டு கிடந்தா. தண்ணி குடிச்சுக்கோ கண்ணு, அடுத்த வருஷம் பிடிக்கலாம்னேன். மாட்டேன்னுட்டா. கடைசியில இப்படி ஆனதும் அவ முகம் போன போக்கு இருக்கே..."

"தெரியும் பாய்."

"நான் போய்ச் சொன்னப்போ உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு? சொல்லுங்க."

அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொன்னார் என்று முற்றத்துக்கே தெரியும்.

"கடிகாரம் சரிதான், பாங்கு சொன்னவர்தான் லேட்டுன்னாரு. சூரியன் லேட்டா விழுந்துச்சுன்னு சொல்லாம விட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்."

"அவரு அப்படித்தான் பாய். நாளைக்கு உயிரெடுக்க வானதூதர் வந்து நின்னாக்கூட, நீ நேரந்தப்பி வந்துட்டேன்னு சண்டை பிடிப்பாரு."

மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லக்கா. நீங்க இங்க தைக்கறது என் வாயால அவர் காதுக்குப் போகாது. அன்னிக்கு அத்தனை சண்டையிலயும் போகல. ஆனா இதை விட மாட்டேன்."

அது உண்மைதான். சண்டையின் உச்சத்தில், 'உன் பெண்டாட்டி என்னிடம் கூலிக்குத் தைக்கிறாள், பெரிசாகப் பேச வந்துவிட்டாய்' என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் கடிகாரக்காரர் அன்றே மறுபடியும் படுத்திருப்பார். மெத்தைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த நன்றியை அவள் மறக்கவில்லை.

திரும்பும்போது இஸ்திரிக்காரம்மா வாசலில் கரிப்பெட்டியை ஆட்டி ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாரு?"

"மாட்டேங்கறாரு. இவரும் மாட்டேங்கறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இடிபடறேன்."

"எங்க கோயில்ல இந்தத் தொல்லையே கிடையாது. சனிக்கிழமை போய் முட்டி போட்டு, சாமி, இன்ன இன்ன தப்புப் பண்ணிட்டேன்னு ஃபாதர் காதுல சொன்னா முடிஞ்சுது. திங்கக்கிழமை மறுபடியும் பண்ணிக்கலாம்." அவள் சிரித்தாள். "நாளைக்கு நாற்காலியை நான் தள்ளட்டுமா? எனக்கு ஏது உங்க சட்டம்?"

"போன வாரமே கேட்டுப் பாத்துட்டேன். தனக்காக இன்னொருத்தர் தள்ளினாலும் தானே தள்ளின மாதிரியாம்."

"இதெல்லாம் நல்லாப் புரியுது. ஒரு நட்டு எந்தப் பக்கம் திரும்பும்னுதான் புரியல" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

*

ரொட்டி இரண்டும் வெந்து இறங்கின. குழம்பைத் தணலில் ஏற்றி வைத்தாள். அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டிப் பொத்தான் போடும்போது மெல்லத் தொடங்கினாள்.

"ஏங்க, அந்தக் குழந்தைக்காகவாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எந்தக் குழந்தைக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"நான் பூட்டின கடிகாரம் தப்பாது. அவன் ஆணியைக் கோணலா அடிச்சிருப்பான்."

"கோணலா மாட்டினா கடிகாரம் நின்னு போகும்னு நீங்கதான் சொல்வீங்க. முந்தும்னு சொன்னதில்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொழிலில் அவளுக்கு இவ்வளவு தெரிந்துபோனது அவர் வாயால்தான். "நாப்பது வருஷம் இந்தக் கையால ஊரு முழுக்க நேரம் வெச்சிருக்கேன். இப்ப வந்து ஒரு பஞ்சடிக்கிறவன்கிட்ட, கை போச்சு, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு நிக்கணுமா? சாகலாம்."

"சாகாமலே அடைபட்டுக் கிடக்கப் போறீங்க, இந்த ஜன்னலோரத்துல. கூட என்னையும் சேத்து."

"கர்த்தருக்குத் தெரியும்."

"கர்த்தருக்கு மட்டுமா? விளக்குப் பிடிச்ச எனக்கும் தெரியும்."

 சட்டையின் மேல் பொத்தான் கழுத்தை இறுக்குகிறது என்றார் அவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொத்தானைக் கழற்றாமலே எழுந்து போனாள்.

ரப்பி வந்தபோது வெயில் சுவரின் பாதிக்கு ஏறிவிட்டது. நல்ல மனிதர், நிறையப் படித்தவர். படித்ததில் எதைக் கேட்டாலும், "ஆமாம்" என்பதற்கு ஒருவரையும் "இல்லை" என்பதற்கு ஒருவரையும் மேற்கோள் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். மெத்தைக்காரர் வாசலில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, காசைக் கையில் வைத்தபடியே வந்து கடிகாரக்காரர் எதிரில் உட்கார்ந்தார்.

"வாங்கலையே. என்ன பண்றது?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும். படிச்சவங்க நீங்க" என்றாள் அவள்.

"வீட்டுக்காரர் தரலைன்னா அவர் சம்சாரம் தரலாம். அதுக்கு இடமிருக்கு."

அவள் அப்போதே ஓடினாள். மெத்தைக்காரர் மனைவி சமையலறை ஜன்னலருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றது. "நீங்க எது கேட்டாலும் குடுப்பேன்க்கா. இதை மட்டும் கேக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா இவர் விட்டுடுவாரு. அன்னிக்குக் குழந்தையை மடியில போட்டுத் தூங்க வெச்சவ நான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

திரும்பி வந்து தலையை ஆட்டினாள். ரப்பி தாடியைத் தடவினார்.

"வேலையாள் இருந்தாலும் போதும். அவர்கிட்ட கூலிக்கு இருக்கறவர் யாராயிருந்தாலும் அவர் பங்குக்குச் சம்மதம் சொல்லலாம். அவருக்குத் தெரியக்கூட வேண்டியதில்ல. பெரியவங்க சொல்லியிருக்காங்க. ஆனா பாவம், மெத்தைக்காரர்கிட்ட வேலையாள் ஏது? புருஷனும் பெண்டாட்டியுமாத்தானே மாரடிக்கறாங்க." அவர் எழுந்திருக்கப் போனார். "சரி, நாளைக்கு ஒன்பது பேர்தான். கூடத்தைப் பூட்டிட வேண்டியதுதான்."

அவள் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே நின்றாள். சுவரில் வெயில் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. வாயைத் திறந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். எதிர்வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

"நான் இருக்கேன்" என்றாள்.

"என்னம்மா?"

"நான்தான் அவர்கிட்ட கூலிக்குத் தைக்கறேன். இவர் படுத்ததுலேர்ந்து."

கடிகாரக்காரர் திரும்பிப் பார்த்தார். ரப்பிக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தினக்கூலியா, வாரக்கூலியா?"

"உறைக்கு இவ்வளவுன்னு."

"அப்படியா..." கண்ணை மூடி யோசித்தார். அவள் நெருப்பில் நிற்கிற மாதிரி நின்றாள். "தையல் அவங்க இடத்துலயா, உங்க வீட்டுலயா?"

"அவங்க பட்டறையில."

"நூல், ஊசி?"

"எல்லாம் அவங்களுதுதான். சீக்கிரம் சொல்லுங்களேன், விளக்கேத்தணும்."

"அப்ப நீங்க கூலியாள்தான். சந்தேகமே இல்ல." காசை அவள் உள்ளங்கையில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லவைத்து, மகிழ்ச்சியோடு எழுந்து போனார்.

"கூலியா?" என்றார் கடிகாரக்காரர். அன்றிரவு முழுவதும் அவர் அவளிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அவள் விளக்கேற்றிக் கண்ணைப் பொத்திக்கொண்டு வேண்டினாள். வேண்டுதலில் மனம் நிற்கவில்லை. வெள்ளி இரவு சாப்பாட்டுக்கு முன் கணவன் மனைவியைப் புகழ்ந்து பாடுவது அவர்கள் வழக்கம். எவ்வளவு சண்டை போட்ட வாரமானாலும் கரகரத்த குரலில் கடிகாரக்காரர் அதைப் பாடிவிடுவார். அன்று நேராக ரொட்டியைப் பிட்டார். பாடாததற்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை நாள் இந்த மனுஷனுக்குச் சோறு போட்ட கையை மறைத்து மறைத்து வைத்தோமே, எதற்கு என்று நினைத்தாள்.

*

சனிக்கிழமை காலை நாற்காலி வாசற்படியைத் தாண்டியது. கடிகாரக்காரர் தோளில் ஜெபச் சால்வையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டறையில் வில் அடிக்கும் சத்தம் நின்றது. மெத்தைக்காரர் புருவமெல்லாம் பஞ்சோடு வாசலுக்கு வந்தார். அவர் மகள் படியில் உட்கார்ந்து துணிக் கத்தைகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மெத்தைக்காரருக்கு யூதச் சட்டம் அத்துப்படி. இத்தனை வருஷம் காசு வாங்கியவர் அல்லவா?

"நான் சம்மதம் குடுக்கலையே. எப்படி வெளிய வந்தாரு?"

"நான்தான் குடுத்தேன் பாய்" என்றாள் அவள். நேற்று ஒத்திகை பார்த்த மாதிரி வரவில்லை, குரல் உள்ளே போயிற்று. "உங்ககிட்ட கூலிக்கு இருக்கறவங்க சொன்னாலே போதுமாம். எங்க சட்டத்துல இருக்கு."

"கூலிக்கு இருக்கறவங்க."

"ஆமா."

"நீங்க."

"ஆமா பாய்."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு கடிகாரக்காரரைப் பார்த்தார். கட்டிக் காத்த ரகசியம் உடைந்துபோனது அவருக்குப் புரிந்தது. உடைத்தது யார், உடைத்து என்ன செய்திருக்கிறாள் என்பதும் புரிந்தது. "சட்டத்துல இருந்தா சரி" என்றார்.

"அதான் சரின்னுட்டான்ல? தள்ளு, நேரமாகுது" என்றார் கடிகாரக்காரர்.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சமதரை, நாற்காலி முற்றத்தின் நடுவில் அப்படியே நின்றது.

"ஏன், என்ன?"

"என்னால முடியல."

"கை வலிக்குதா?"

"மனசு வலிக்குது! அந்த மனுஷன் என் மானத்தை இத்தனை மாசம் மூடி வெச்சிருந்தாரு. நீங்க பேசின பேச்சுக்கெல்லாம் பதிலுக்கு ஒரு சொல்லு போதும், சொல்லல. அவரை ஏமாத்திட்டு உங்களைத் தள்ளிட்டு வந்து நிக்கறேன். எதுக்கு? உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராததுக்கு. பாங்கு சொன்னவர் லேட்டா? நட்டு எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு பாத்தவ நான். உங்களுக்கும் தெரியும். அன்னிக்கே தெரியும். சொல்லுங்க, வந்து தள்றேன். இல்லைன்னா இங்கயே இருங்க."

உள்ளே போய்க் கதவருகில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபக்கூடத்து வாசலில் ரப்பியின் தலை தெரிந்தது. "இன்னும் நேரமாகுமா?"

"நீங்க உள்ள போய் ஆரம்பிங்க சாமி. இங்க வேற ஜெபம் நடக்குது" என்றாள் இஸ்திரிக்காரம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. கடிகாரக்காரர் அவள் பக்கம் திரும்பியதும், "என்னைப் பாக்காதீங்க. உங்களுக்காக இன்னொருத்தர் தள்ளினாலும் தப்புன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள்.

வெயில் ஏறியது. கடிகாரக்காரர் சால்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். யாரும் அசையவில்லை. மெத்தைக்காரர் உள்ளேயும் போகவில்லை, கிட்டேயும் வரவில்லை.

"பாப்பா" என்ற குரல் கேட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். "இங்க வா."

"என்ன தாத்தா?"

"அந்தக் கடிகாரம் இருக்குல்ல. பாங்கு லேட் இல்ல. கடிகாரம்தான் முந்திடுச்சு. நட்டை நான் மாத்தித் திருப்பிட்டேன். என் விரலுக்கு ஒண்ணும் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன் நோன்பு என்னாலதான் போச்சு."



"அதுக்குப் பதில் நோன்பு நான் எப்பவோ பிடிச்சு முடிச்சுட்டேன் தாத்தா" என்றது பிள்ளை. "அன்னிக்கு உங்க வீட்ல ரொட்டி சுட்டாங்க. எவ்ளோ வாசனை தெரியுமா? அப்பகூடச் சாப்பிடல."

கதவருகில் இருந்தவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிள்ளை எப்போதோ முடித்துவிட்டுப் போன ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் இரண்டு பேர் முற்றத்தையே முறித்துப் போட்டிருக்கிறார்கள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கைப்பிடியைப் பிடித்தாள். ஆனால் அப்படியே போய்விட மனம் வரவில்லை. மெத்தைக்காரரிடம் திரும்பினாள்.

"பாய், நேத்து நான் பண்ணினது..."

"பரவால்ல விடுங்க" என்றார் அவர். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்கம்மா. ஆஸ்பத்திரி மெத்தைக்கு உறை பாக்கி இருக்கு."

இத்தனை வருஷமாக அவள் அவருக்கு அக்கா. நேற்று மத்தியானம்வரை அக்கா. இப்போது அம்மா என்றார், வேலைக்கு வருகிறவர்களிடம் பேசும் மரியாதையோடு. குரலில் துளி கோபமில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் உள்ளே போய் வில்லை எடுத்தார். பஞ்சு அடிக்கும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.

அவள் நாற்காலியைத் தள்ளினாள். கண்ணீர் மறைத்ததால் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. கடிகாரக்காரர் அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. பாரம் இறங்கியவராக, வெயிலை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? ஒரே வார்த்தை, முடிஞ்சு போச்சு. இதைப் போய் எல்லாரும் சேந்து எவ்வளவு பெரிசாக்கிட்டீங்க" என்றார். சற்றுத் தூரம் போனதும் கேட்டார்: "கடைசியா என்ன சொன்னான்?"

"நாளைக்கு வேலைக்குச் சீக்கிரம் வரச் சொன்னாரு."

"பரவால்லையே, வேலையை விட்டு நிறுத்தல. நான்கூட பயந்துட்டேன்" என்றார் கடிகாரக்காரர். "எல்லாம் சரியாப் போச்சு, போ."